ராணியின் கறுத்த செடி

என் மகள் ராணி போன மாசியில் வாந்திபேதியில் இறந்துபோனாள். அவள் ஆசையாக வளர்த்த செடி மட்டும் மதில்மேல் சட்டியில் இருந்தது. தடித்த, கறுத்த இலைகள். அது வாடிவிடுமோ என்ற பயத்தில் தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். இலைகள் கொழகொழத்து உதிர்ந்தன. இன்னும் பயந்து, இன்னும் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு மைனி தண்டைத் தொட்டாள். அது அழுகிக் கையோடு வந்தது.

“ஏட்டி, அதுக்க இலையிலேயே தண்ணி இருக்குமே. வாழைக்கு ஊத்துத மாதிரி ஊத்திக் கொன்னுட்டியே!”

“ராணி தண்ணி தண்ணின்னு கேட்டா மைனி. குடுத்தா பேதி கூடும்னு எல்லாரும் சொன்னாவ. நான் ஒரு மடக்குகூடக் குடுக்கல்ல.”

மைனி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “நீ குடி மக்கா” என்றாள். என்னால் குடிக்க முடியவில்லை.

இப்போது எந்தப் பிள்ளை தாகமென்றாலும் நானே ஓடிப்போய்க் கொடுக்கிறேன். எதுவும் ராணிக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தும்.