எட்டாம் நம்பர் ரிவால்வர்

என் கணவர் ஒரு கரப்பான் பூச்சியைக்கூட அடித்ததில்லை. குளியலறையில் ஒன்று தென்பட்டால் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவருக்கு, டெக்சஸில் காப்பெல் என்ற ஊரில் வீடு வாங்கி கிரீன் கார்டும் கைக்கு வந்த பிறகு, ரிவால்வர் பித்துப் பிடித்தது. சுடுவதற்கு இல்லை. சேர்ப்பதற்கு.

அதிலும் எல்லா ரிவால்வரும் ஆகாது. ஒரே கம்பெனி, ஒரே பழைய மாடல். ஒவ்வொன்றிலும் கைப்பிடிக்கு அடியில் ஓர் எண் அடித்திருக்கும். தொழிற்சாலையில் எத்தனையாவதாகச் செய்தது என்பது அதில் தெரியும். எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு மதிப்பு. ஊரில் வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆள் பிடிப்பார்களே, அதே வியாதிதான். ஆயுத பூஜைக்கு ஒன்றின் மேல் சந்தனம் வைக்கப் போனேன். ஈரம் பட்டால் கறை விழுந்துவிடும் என்று அலறினார். அதற்குப் பிறகு பொட்டெல்லாம் அவற்றைப் பூட்டி வைக்கும் சேஃப் கதவுக்கு மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் கன் ஷோ என்கிற துப்பாக்கிச் சந்தை. மற்ற தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப் போகிற நேரத்தில், எங்கள் வீட்டுக்காரர் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பார். ஒருமுறை பதினேழாம் நம்பர் விலைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்பத்து மூன்றை வாங்கி வந்தார். ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு. எட்டு சனியின் எண். விற்றவனிடம் இதை எப்படி விளக்கினாரோ, எனக்குத் தெரியாது.

எட்டு என்றால் அவருக்கு அவ்வளவு பயம். எனக்கு அது பழகிப்போனது, ஏனென்றால் நான் பிறந்தது இருபத்தாறாம் தேதி. ஜாதகம் பொருந்திக் கல்யாணம் நடந்துவிட்டது. எண் கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து கார் இடித்தால் என் இருபத்தாறு, வேலை போனால் என் இருபத்தாறு. ராசிக்காகத் தன் பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர் என்று கிரீன் கார்டை இழுத்தடித்தவர் அவர். அந்தத் தாமதத்துக்கும் என் தேதியைத்தான் காரணம் சொன்னார். விளையாட்டாகச் சொல்கிறாராம். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

ஐம்பதைத் தாண்டி நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்ததும், தனக்குப் பிறகு இந்த ரிவால்வர்கள் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு வந்தது. தனக்குப் பிறகு நான் என்ன ஆவேன் என்று கேட்டதாக நினைவில்லை. மகனுக்கு ஃபோன் செய்தார். "நோ வே, அப்பா. நாட் இன் மை ஹவுஸ்" என்றான் அவன்.

"இவன நம்பினா நெட்ல போட்டுத் தனித்தனியா வித்துருவான்" என்றார் என்னிடம். "மியூசியத்துக்கு டொனேட் பண்ணிட்டா மொத்தமா இருக்கும். கண்ணாடிப் பெட்டி, கீழ நம்ம பேரு."

"நம்ம பேரா?"

"என் பேருதான். கலெக்ட் பண்ணது நான்தானே."

டெக்சஸிலேயே ஒரு சின்ன மியூசியத்துக்கு எழுதினார். பதில் மரியாதையாகத்தான் இருந்தது. இந்த மாடல் தங்களிடம் நிறைய இருக்கிறது, ஒற்றை இலக்க எண் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாத வீடு மாதிரி இருந்தது எங்கள் வீடு.

ஒற்றை இலக்கம் ஒன்று பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. என் கணவருக்கு இந்தப் பித்தைப் பிடிக்கவைத்த புண்ணியவான் அவர்தான். நான் கொடுத்தனுப்பும் எலுமிச்சை சாதத்தை டப்பாவைச் சுரண்டிச் சாப்பிடுவார். புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும், தன் சேகரிப்பை ஆள் பார்த்துப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அசல் பெட்டியோடு இருந்த அந்த ஒன்றை என் கணவருக்குத் தர நினைப்பதாகச் சொன்னார். அது எட்டாம் நம்பர்.

என் கணவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கை நீள்கிறது, மனசு பின்னால் இழுக்கிறது. யோசித்துச் சொல்ல இரண்டு நாள் வேண்டும் என்றார். சும்மா கிடைக்கிற பொருளுக்கு ஒருவன் அவகாசம் கேட்பதைப் பெரியவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"ஒரு ஐடியா. அத உன் பேர்ல வாங்கிக்கலாம். உனக்குத்தான் ஏற்கெனவே எட்டு இருக்கே. புதுசா என்ன ஆகப்போகுது?"

நான் திரும்பவில்லை. கையிலிருந்த வாணலியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இத்தனை வருடம் எந்தத் தேதியை வைத்து என்னைக் குத்திக்கொண்டிருந்தாரோ, அதே தேதி இப்போது அவருக்கு உதவிக்கு வர வேண்டுமாம். சனி எனக்கு, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பெயர் அவருக்கு.

"சரி. என் பேர்லயே குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

சாப்பாடு கொடுத்தவளுக்குக் கொடுப்பதில் பெரியவருக்குச் சந்தோஷம்தான். பெட்டியை என் கையில் வைத்து, விற்றுவிடாமல் நல்ல இடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் காலமானார். அழுகை வந்தது. நல்ல மனிதர்.

காரியமெல்லாம் முடிந்ததும் என் கணவர் மியூசியத்துக்கு ஃபோன் செய்தார். எட்டாம் நம்பர் இருக்கிறது என்று ஆரம்பித்து, தன்னிடமிருக்கும் மற்றவற்றையும் வரிசையாகச் சொன்னார். எட்டு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள் போல. ஃபோனை மூடிப் பிடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"கலெக்‌ஷன் எல்லாம் ஹஸ்பண்டோடதுதான்னு சொல்லிரு. போதும்."

அந்தப் பக்கம் பேசியது ஒரு பெண். எட்டாம் நம்பர் உங்களுடையதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தர விருப்பமா? விருப்பம்தான். பெட்டி இருக்கிறதா? இருக்கிறது. காட்சிக்கு வைக்கும்போது கீழே யார் பெயரைப் போடலாம்? பக்கத்து வீட்டுப் பெரியவரின் பெயரைச் சொன்னேன், அதற்குப் பிறகு என் பெயரைச் சொன்னேன். என் கணவர் எதிரே நின்று தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

அவள் நன்றி சொன்னாள். பிறகு, வீட்டில் இருக்கும் மற்ற ரிவால்வர்களையும் இதோடு சேர்த்து அனுப்புகிறீர்களா, இடமிருந்தால் அவற்றையும் வைக்கப் பார்க்கிறோம் என்றாள்.

என் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தேன்.