ஐஸ் பெட்டியில் போன தோல்

திருகோணமலைத் துறைமுகத்தில் ஐஸ் ஆலை கட்டினேன். சண்டையில் இரண்டு தடவை குண்டு பட்டது. இரண்டு தடவையும் திரும்பக் கட்டினேன். கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்திலும் மூடவில்லை. பாலையூற்றில் மேல்மாடி வீடு, கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறி, எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கையால் வந்தவை. என் மனைவியின் வலியைத்தான் அசைக்க முடியவில்லை.

வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம். பாவாடை நாடா பட்டாலே துடிப்பாள். குடல்வால் என்று வெட்டினார்கள், பித்தப்பை என்று வெட்டினார்கள். வலி போகவில்லை. கடைசியில் உடம்பில் ஒன்றும் இல்லை, மனவருத்தம் என்றார்கள். என் தங்கச்சி அவளைச் சோம்பேறியாக்கி, முகத்துக்கு நேரேயே கேட்டாள்: "மச்சாள், சமைக்கப் பஞ்சி எண்டால் சொல்லுங்கோவன், ஏன் வயித்தைப் பிடிக்கிறியள்?" அதன்பிறகு மனைவி யாரிடமும் வலி என்று சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டொக்டர்தான் அவளைப் படுக்க வைத்து, "தலையை மட்டும் தூக்குங்கோ அம்மா" என்று சொல்லி அந்த இடத்தை அழுத்தினார். அலறினாள். "வயிறு இறுகினாப் பிறகும் இப்பிடி நோகுது எண்டால் உள்ளுக்க இல்லை. வயித்துச் சுவரில ஓடுற நரம்பு போல கிடக்கு" என்றார். வலிக்கும் பக்கத்தில் ஒன்று, வலிக்காத பக்கத்தில் ஒன்று, மிளகளவு தோல் எடுத்து இரண்டு சின்னப் போத்தல்களில் போட்டார். தோலுக்குள் இருக்கும் மெல்லிய நரம்பு இழைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கொழும்புக்குக் குளிராகப் போகவேண்டும், உறையக் கூடாது.

குளிரைப் பற்றி எனக்கா சொல்வது? ஐஸை நொறுக்கி, உமி பரப்பி, போத்தல்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, என் லொறியிலேயே புறப்பட்டேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒரு போத்தலைத் தூக்கினான்.

"என்ன இது?"

"மனுசியின்ட தோல்."

"முழு மனுசியை ஏத்த லொறியில இடம் இல்லையா?" என்று சிரித்தான். வெயிலில் மறித்து வைத்தான். மீனுக்குப் போட்ட ஐஸை எடுத்துக் கரையக் கரைய மாற்றினேன்.

முடிவு வந்தது. வலிக்கும் பக்கத்தில் இழைகள் நன்றாகக் குறைந்திருந்தன. "நீங்கள் சொன்னது பொய் இல்லை அம்மா" என்றார் டொக்டர். நான் நிமிர்ந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, இனி நோகாதோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

ஊசி போட்டார். சில நாள் தணிந்து, திரும்பி வந்தது. சண்டையில் கொழும்புப் பாதை மூடியதும் மருந்தும் வரவில்லை. டொக்டர் வெளிநாடு போய்விட்டார். அவள் இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறாள்.

அந்தத் தோலின் படத்தை டொக்டர் அங்கே பெரிய கூட்டங்களில் காட்டுகிறாராம். காட்டட்டும். கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான் என்று அதன் கீழே எழுத வேண்டும். அவளுக்காக என்னால் செய்து முடிக்க ஏலுமாக இருந்தது அது ஒன்றுதான்.