பேங்கொக் போகாத சம்பியன்

வெள்ளைச் சேட்டின் விலாத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள் சுபைறா. போன பெருநாளைக்கு எடுத்த சேட். அதற்குள் காலிதீனின் வயிறு இன்னொரு சுற்றுப் பெருத்துவிட்டது. நாளைக்குக் கல்முனைக்குடியில் ஒரு விளையாட்டுக் கழகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறது. மேடையில் பொத்தான் தெறித்து விழுந்தால் சனம் அவரைப் பார்த்துச் சிரிக்காது, அவளைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

எதற்கும் அவளைப் பார்ப்பதுதான் இந்த ஊரின் பழக்கம்.

காலிதீன் ஒரு காலத்தில் நாட்டின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சம்பியன். கொழும்பில் மூடை ஏற்றும் வேலைக்குப் போனவரை ஒரு கோச் கண்டு, அப்படியே கூட்டிக்கொண்டு போய் ரிங்கில் ஏற்றினார். அவ்வளவு பாரத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்த ஒன்றிரண்டு பேரும் அவருடைய தோளைப் பார்த்ததுமே வீட்டு ஞாபகம் வந்து நின்றார்கள். அடுத்தடுத்து இரண்டு வருடம் பட்டம். பேங்கொக்கில் ஆசியப் போட்டிக்குப் பெயர் வந்தது, உடுப்பும் வந்தது. ஆனால் காலிதீன் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, சுபைறாவைக் கட்டி, இந்தப் பக்கத்து முறைப்படி அவள் வீட்டுக்கே குடிவந்து, அவள் வாப்பாவின் அரிசி மில்லைப் பார்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு கையுறையைத் தொடவேயில்லை.

ஏன் போகவில்லை என்பதில் ஊருக்கு ஒரு குழப்பமும் இல்லை. பொண்டாட்டி வீட்டில் இருக்கப் போகிறவன் பொண்டாட்டி வீட்டார் சொல்லைத்தானே கேட்பான்.

"மாமனார் மில்லுத் திறப்பக் கையில குடுத்தார், நம்மட காக்கா கிளவுஸக் கழட்டிட்டார்" என்பாள் காலிதீனின் தங்கை, தன் அண்ணனைப் பற்றி, கலியாண வீடுகளில், நாலு பேர் கேட்க. "இல்லாட்டி இப்ப உலகச் சம்பியனெல்லா? என்ன மச்சி?"

"ஓம் மச்சி. உலகச் சம்பியனுக்கு இன்னும் ரெண்டு துண்டு இறைச்சி வைங்க" என்று சுபைறா சமாளித்துவிடுவாள்.

வாப்பா அப்படி ஒரு நிபந்தனை போடக்கூடிய மனிசன்தான். கேட்டுப் பார்க்கலாமென்று அவளுக்குத் துணிவு வருவதற்குள் மௌத்தாகிவிட்டார். ஆகவே பழியை அவளே ஏற்றுக்கொண்டாள். மீன் வந்தால் தலை காலிதீனுக்கு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குறட்டை விட்டுத் தூங்க, உமித் தூசுக்குள் மில்லில் நின்றவள் அவள். ஒரு மனிசனின் உலகத்தைப் பறித்தவள் முகம் சுளிக்கலாமா? அதே நேரம், யாரிடமும் சொல்ல முடியாத சின்னப் பெருமை ஒன்றும் இருந்தது. பேங்கொக்கை விட்டுவிட்டு என்னிடம் வந்த மனிசன்.

போன வருடம் ஒருதடவை மட்டும் குழம்பினாள். வீட்டுக்கு வந்த மௌலவியிடம், "முகத்தில அடிக்கிறது மார்க்கத்தில கூடாதே ஹஸ்ரத், அதுதான் விட்டன்" என்று காலிதீன் சொன்னது கதவுக்குப் பின்னால் கேட்டது. மௌலவிக்குப் பெரிய சந்தோசம். அப்படியென்றால் இரண்டு வருடமாக இவர் எங்கே அடித்துப் பட்டம் எடுத்தார்? ஹஸ்ரத்துக்கு ஏற்ற கதையைச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

இன்றைக்கு அஸர் தொழுகைக்குக் காலிதீன் பள்ளிக்குப் போயிருந்த நேரம், காரைதீவிலிருந்து பவிதரன் வந்தார். அந்த நாளில் காலிதீனோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர், எடை குறைந்த பிரிவுக்காரர். நாளைய விழாவுக்கு அவருக்கும் அழைப்பு. பிளேன்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தவர் சிரித்தார்.

"அடடே, என்ர மணிக்கூடு இன்னும் ஓடுதே தங்கச்சி!"

"கலியாணத்துக்கு நீங்க தந்ததுதானே அண்ணன். நல்லா ஓடுது."

"ஓடாம? பேங்கொக் சாமானெல்லோ. அந்தப் போட்டிக்குப் போன நேரம் வாங்கின. எனக்கெண்டுதான் வாங்கினன். மறுகா இவன் கலியாணம் எண்டு வந்து நிக்கிறான், கையில காசில்ல, இதக் குடுத்திட்டன்."

சுபைறா தட்டை மேசையில் வைத்தாள். "நீங்க போய் வந்த பொறகா எங்கட கலியாணப் பேச்சு வந்தது?"

"ஓமே. எத்தினையோ மாசம் கழிச்சு. நாங்க எயாபோட்டுக்குப் போற வேனில ஏறாம இவனப் பாத்துப் பாத்து நிண்டம், ஆளே இல்ல. வந்து கேட்டா, பெருவிரல் நோவு எண்டான்."

பவிதரன் போன பிறகும் அவள் அந்த மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கேட்டுப் பேச்சு வந்தது ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்துதான். அந்தப் போட்டி எப்போது நடந்தது என்று அவள் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. அதற்கு முதல் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றே காலிதீனுக்குத் தெரியாது. விரல், மார்க்கம், வாப்பா, அவள். எதை எதோடு வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை.

காலிதீன் வந்ததும் சேட்டைப் போடச் சொன்னாள். "கையத் தூக்குங்க." விலாப் பக்கம் குண்டூசி குத்திக்கொண்டே கேட்டாள். "நீங்க போகாம விட்டது என்னைக் கட்டுறதுக்கு முந்தியாம். பவிதரன் அண்ணன் சொன்னார்."

"ஓம்" என்றார், கையை இறக்காமல்.

"அப்ப ஊரு சொன்னது?"

"அது ஊரு சொன்னது."

"நீங்க இல்லையெண்டு சொல்லல்லயே."

"திரும்பி வந்த புதுசில கடைக்குப் போனாலும் கேட்டாங்க, பள்ளிக்குப் போனாலும் கேட்டாங்க, ஏன் போகல்ல, ஏன் போகல்ல எண்டு. உன்னக் கட்டின பொறகு ஒருத்தனும் கேக்கல்ல புள்ள."

சிரிப்பதா, கையிலிருந்த ஊசியைச் சதையிலேயே ஏற்றுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னத்துக்குத்தான் போகல்ல? பயமா?"

"பேக்கைத் தூக்கிட்டு வெளிக்கிட்டன். தூரத்தில வேன் நிக்கிறது தெரியுது. கால் மற்றப் பக்கம் நடந்திச்சு. கோட்டை ஸ்டேசனுக்குப் போய் மட்டக்களப்பு ரயிலில ஏறிட்டன். விரல் நொந்ததும் மெய்தான். முகத்தில அடிக்க மனம் கூசினதும் மெய்தான். அதுக்காகத்தான் ஏறினன் எண்டு சொல்ல ஏலா. எனக்கே தெரியா."

இத்தனை வருடம் சுமந்த பழி அவளுடையதில்லை. அந்தப் பெருமையும் அவளுடையதில்லை. சேட்டுக்குள்ளே பெருத்துப்போன ஒரு மனிசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். அவரோடு கோபிப்பதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. அதைக்கூட அவளால் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

"நாளைக்கு மேடையில கேப்பாங்களாம்" என்றார் காலிதீன். "கழகத்து நிஸாம் சொன்னான். ஏன் விட்டீங்க எண்டு பொடியனுகளுக்குச் சொல்லணுமாம்." குரல் தணிந்தது. "என்னத்தச் சொல்ல? உன்னையே சொல்லிரட்டா?"

சுபைறா ஊசிப் பெட்டியை மூடினாள். நூலையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு, சேட்டைத் தைக்காமல், குண்டூசியோடு அவரை அப்படியே நிற்க விட்டு, அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.