கொழுந்து லொறியின் சத்தம் போட்ட கார்

துரையின் கார்ச் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டு இறங்கிக் கானுக்குள் நிற்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. கான் என்றால் ரோட்டோரத்து வடிகால். மேல் வளைவில் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் உறுமத் தொடங்கியதுமே கூடையும் தலையுமாக நடந்து போகும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார்கள். மழைக்காலமானால் முழங்கால் வரை தண்ணீர் ஓடும். என் அம்மா கல்யாணமாகி அங்கே வந்த நாள் முதல் இறங்கிக்கொண்டிருந்தாள். துரை அவளை ஒரு தரமாவது திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்க்க அவசியமும் இல்லை, இறங்கினால் போதும்.

எழுபதுகளின் நடுவில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை ஊர் போய்ச் சேர்ந்தார். தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை கொழும்பில் படித்த இளைஞர். பழைய துரையின் நாயையும் காரையும் பங்களாவோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். நீண்ட மூக்கு, இரண்டே சீட், அசல் தோல் மெத்தை. கார் என்றால் அதுதான் கார். ஒரே குறை, ஓடாது. எஞ்சின் வெடித்திருந்தது. உதிரிச் சாமான் இறக்குமதிக்குத் தடை. பெட்ரோல் விலையோ, காரைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் லாபம் என்கிற நிலையில் இருந்தது.

அப்போது நான் பதுளையில் ஒரு கராஜில் மெக்கானிக். தோட்டத்து டிராக்டர் அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டது. பின்னாலேயே துரை வந்தார்.

“டீசல் எஞ்சின் போடுங்க. ஆனா காருக்குப் பழைய மரியாதை அப்படியே இருக்கணும்.”

அவர் எந்த மரியாதையைச் சொல்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். எனக்கும் ஓர் ஆசை இருந்தது, மறைப்பானேன்? அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து தோட்டத்துக்குள் போக வேண்டும், அதை அம்மா பார்க்க வேண்டும். கானுக்குள் நின்றபடி பார்த்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் அளவுக்கு என் புத்தி மழுங்கிப்போயிருந்தது.

லுணுகலைப் பக்கம் குடைசாய்ந்து கிடந்த ஒரு சின்ன லொறியின் எஞ்சின் அகப்பட்டது. எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறியில் இருந்த அதே வகை. ராஜாவின் வயிற்றில் கூலிக்காரனின் குடலை வைத்துத் தைத்த மாதிரி, வெட்டி, ஒட்டி, உள்ளே இறக்கினோம். பாரத்தில் காரின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. அதற்குப் பிறகு பிரேக். “பசறை ரோட்டு இறக்கத்துல போற காரு, பிரேக்கை முழுசா மாத்தணும்” என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

கராஜ் முதலாளி பஜாரிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெரியவர், நிதானமான மனிதர். “செய்யுங்க தம்பி, நிக்கிறதும் ஓடுறதுல ஒரு பாதிதானே” என்றார்.

நான்கு சக்கரத்துக்கும் புதிய குழாய், புதிய ரப்பர். லொறி லைனிங்கை அளவாக அறுத்து நானே செய்த பேட். ஊவா மாகாணத்திலேயே இதைவிட நல்ல பிரேக் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

“பெடல் கல்லு மாதிரி இரிக்கே?”

“புதுசுதானே முதலாளி, பழகிடும்” என்றேன்.

மறுநாள் துரை ஓட்ட, பக்கத்தில் நான். என் ஆசைப்படியே முன்சீட். தோட்டத்து எல்லைக்குள் நுழைந்து இறக்கம் தொடங்கியதும், டீசல் மிச்சம் பிடிக்க, எல்லோரும் செய்கிற மாதிரி துரையும் கியரை நியூட்ரலில் தள்ளினார். கார் தானாக உருண்டது, வேகம் பிடித்தது. துரை பிரேக்கை மிதித்தார். பிறகு இரண்டு காலாலும் மிதித்தார். கார் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை. கைப்பிரேக்கை நான் இழுத்தேன், அது கையோடு வந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. அந்தக் காரில் பிரேக்குக்குக் கைகொடுக்க ஒரு டப்பா உண்டு. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில்தான் அது வேலை செய்யும். டீசல் எஞ்சினில் அந்த இழுப்பு கிடையாது. அதற்காகவே லொறியில் தனியாக ஒரு பம்ப் பூட்டியிருப்பார்கள். “காருக்கு எதுக்கு லொறி சாமான்” என்று அந்தப் பம்பைக் கழற்றி மூலையில் எறிந்தவன் நானேதான்.

வளைவு திரும்பியதும் கொழுந்து நிறுக்கும் இடம், அதைத் தாண்டினால் பள்ளம். ரோட்டோரத்தில் ஆளுயரத்துக்குக் கொழுந்து மூட்டைகள் குவிந்திருந்தன. பெண்கள் மேல்பக்கத் திட்டில் நின்றிருந்தார்கள். துரை கண்ணை மூடிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்து மூட்டைப் பக்கம் ஒடித்தது நான். அந்த நீண்ட மூக்கு பச்சைக் கொழுந்துக்குள் புகுந்து நின்றது. சாக்குகள் பிய்ந்து எங்கள் மேலெல்லாம் கொழுந்து கொட்டியது.

முதலில் வந்தது கங்காணி. “கொழுந்து நசுங்கிப் போச்சுங்க தொரை. பேக்டரியில எடுக்க மாட்டாங்க” என்றார்.

அடுத்து வந்தது அம்மா. என் கை காலைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினாள்.

“சத்தத்தக் கேட்டு லொறி வருதுன்னு நெனச்சோம். அதுதான் மூட்டையெல்லாம் ரோட்டோரம் உருட்டி வச்சோம். தொரை காருன்னு தெரிஞ்சிருந்தா மூட்டையையும் தூக்கிக்கிட்டு கானுக்குள்ள எறங்கியிருப்போமே. நீ பள்ளத்துக்குத்தான் போயிருப்ப.”

சொல்லிவிட்டு, என் தலையில் இருந்த கொழுந்தைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூலையில் எறிந்த பம்பைத் தேடி எடுத்துப் பூட்டினேன். பிரேக் உண்மையாகவே நல்ல பிரேக் ஆனது. ஆனால் ஒரு மாதம் கழித்துத் துரை மறுபடி கராஜுக்கு வந்தார். முகம் சரியில்லை.

“ரோட்டுல யாரும் வெலகுறாங்க இல்ல. மூட்டையக் காட்டி நிப்பாட்டச் சொல்றாங்க. இந்தச் சத்தத்த மாத்த ஏலாதா?”

ஏலும். நல்ல சைலன்சர் ஒன்று பூட்டி, பொனட்டுக்குள் தடித்த கம்பளி ஒட்டினால் பாதிச் சத்தம் அடங்கும். லொறி என்று யாரும் ஏமாற மாட்டார்கள்.

“ஏலாதுங்க தொரை. டீசல்னா இப்படித்தான்” என்றேன்.

முதலாளி என்னை ஒரு தரம் பார்த்தார். அவருக்கும் தெரியும். “ஆமா, ஏலாது” என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். பொய் சொல்லாத மெக்கானிக் உலகத்தில் கிடையாது. நான் சொன்னவற்றில் இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கும் சந்தோஷமாக நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா வேலையை விட்டு நிற்கும்வரை அந்தக் கார் அந்தத் தோட்டத்தில் ஓடியது. அதற்காக ஒரு நாளும் அவள் கால் நனையவில்லை.