பச்சை மையில் ஒரு திருத்தம்

சட்டமன்றக் கட்டடத்தில் பென்சிலக்கா எங்கே என்று கேட்டால் வாசற்காவலர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோரும் வழி காட்டுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. நன்றாகச் சீவிய மூன்று பென்சில் இல்லாமல் அவள் சபைக்குள் கால் வைத்ததில்லை. ஊரெல்லாம் கணினி வந்த பிறகும் அந்தச் சபை சுருக்கெழுத்தை விடவில்லை. புதிதாக ஒரு கருவி வாங்க வேண்டுமென்றால் இரண்டு கட்சிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எதில் ஒத்துப்போனார்கள், இதில் ஒத்துப்போக?

வேலை இதுதான். உறுப்பினர்கள் பேசப்பேச ஒருவர் பத்து நிமிடம் எழுதுவார். பத்தாவது நிமிடம் அடுத்தவர் சத்தமில்லாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார். முதலாமவர் எழுந்து மாடிக்குப் போய்த் தட்டச்சு செய்வார். அந்தப் பத்து நிமிடத்துக்கு ‘முறை’ என்று பெயர். ஒவ்வொரு முறையின் அடியிலும் எழுதியவரின் எண் அச்சாகும். அக்காவின் எண் ஒன்பது.

இருபத்தாறு வருடத்தில் அவள் எழுதாத திட்டு இல்லை, எழுதாத நீலிக்கண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் முகம் மாறாமல் எழுதினாள். அங்கே நடந்ததை அங்கேயே விட்டுவிட்டு வருவாள். வீட்டில் இருந்த ஒரே மனிதன், அவளுடைய தம்பி, விடமாட்டான்.

“இன்னைக்கு உள்ள என்னக்கா சண்டை?”

“நாளைக்கு பேப்பர்ல வரும், படிச்சுக்கோ.”

“ஊருக்கே தெரியப் போறதை கூடப்பிறந்தவன் ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சுக்கக் கூடாதா?”

“உன் வாய்ல எதுவும் நிக்காது. என் வேலைக்கு உலை வச்சிடுவே.”

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எதிர்க்கட்சி என்றால் உயிர். பழுது பார்க்கப் போன இடத்தில், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும்போதே உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் ஆளுங்கட்சியைத் திட்டுவான். அவரும் வேறு வழியில்லாமல் ஆமாம் போடுவார். அக்கா கணவனை இழந்தவள். தம்பிக்கு வரன் தள்ளிக்கொண்டே போய் நின்றுவிட்டது. அரசுக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில், இரண்டு அறைகளில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

நாற்பத்து நான்கு வயதில் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. ஒரு இலவச மையத்தில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்தார்கள். அங்கே ஒன்பது இயந்திரங்கள்தான் இருந்தன. அந்த இடம் கிடைக்கவே எட்டு மாதம் காத்திருந்தான். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்தபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த அறுவைசிகிச்சையை இலவச மையம் செய்யாது. சொந்தச் செலவில் செய்துகொள்ள அவர்களுக்கு ஏழு பிறவி வேண்டும். வருகிற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைத்தான் இருவரும் மலைபோல நம்பியிருந்தார்கள்.

அந்தச் சட்டத்தின் கதை தனி. ஐந்து வருடத்துக்கு முன்னால் இன்றைய எதிர்க்கட்சி ஆட்சியிலிருந்தபோது கொண்டுவந்த மசோதாதான். அன்று இன்றைய ஆளுங்கட்சி அதைச் சபையிலேயே கிழித்துப் போட்டது. பிறகு நாற்காலி மாறியது. கிழித்தவர்கள் அதே மசோதாவுக்கு வேறு பெயர் வைத்துக் கொண்டுவந்தார்கள், எழுதியவர்கள் எதிர்த்தார்கள். அதில் ஏழாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சேரும்போதே நோய் இருந்தால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். தம்பியால் அவ்வளவு நாள் தாங்க முடியாது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

ஏழாம் பிரிவு விவாதத்துக்கு வந்த மதியம் எதிர்க்கட்சித் தலைவர் தொண்டை கிழியப் பேசினார். “நோயாளியைத் தண்டிக்கும் சட்டம் இது” என்று தாளை வீசிவிட்டுத் தன் ஆட்களோடு வெளிநடப்புச் செய்தார். வாசலில் பேட்டி கொடுப்பார் என்று தெரியும், அதனால் பத்திரிகைக்காரர்களும் மாடத்தைக் காலி செய்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார்கள். கேமராக்களைக் கேள்வி நேரம் முடிந்ததுமே அணைத்துவிடுவது அந்தச் சபையின் வழக்கம். பாதி காலியான சபையில் பென்சிலக்காவின் முறை தொடங்கியது.

ஆளுங்கட்சியின் பின்வரிசையிலிருந்து ஒரு வயதானவர் எழுந்தார். “என் மனைவி போன வருஷம் இப்படித்தான் போனா. காத்திருக்கச் சொன்னா நோய் காத்திருக்குமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சுகாதார அமைச்சர் கொஞ்ச நேரம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் யாரும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அவைக்கு நான் உறுதியளிக்கிறேன்.”

மேஜைகள் தட்டப்பட்டன. அக்காவின் பென்சில் முனை ஒடிந்தது. இரண்டாவது பென்சிலை எடுத்து எழுதினாள். சபையில் ஓர் உறுதிமொழி பதிவாகிவிட்டால் அதற்குச் சட்டத்துக்குரிய மதிப்பு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். வேலை பழகிய நாளிலிருந்து அவள் நம்பியதும் அதைத்தான். சொன்னது எழுத்தில் ஏறிவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சபையை வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

“உனக்கு உண்டுடா. காத்திருக்க வேண்டாம். என் கையாலயே எழுதினேன்.”

தம்பி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். “நம்ம கட்சி வெளிய போனதே இவனுங்களை மிரட்டத்தான்க்கா” என்றான். அக்கா சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை, வழக்கம்போல, தட்டச்சுப் பிரதிகள் பேசியவர்களின் அறைகளுக்குப் போயின. சொற்பிழை மட்டும் திருத்தலாம், பொருளை மாற்றக் கூடாது என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கும். ஒன்பதாம் எண் பிரதி மதியம் திரும்பி வந்தது. அமைச்சரின் அந்த இரண்டு வாக்கியமும் பச்சை மையில் அடிக்கப்பட்டிருந்தன. மேலே, ‘இது குறித்து அரசு பரிசீலிக்கும்’ என்று எழுதியிருந்தது.

அக்கா மேலாளரிடம் ஓடினாள். “சார், பொருளே மாறிப்போச்சே.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காத்திருப்பு இருக்கணும்னு அவங்க கட்சிக் கூட்டத்துல முடிவானதாம்மா. இவர் ஏதோ மனசு இளகிச் சொல்லிட்டார். ராத்திரியே கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்காங்க. அவைத்தலைவர் கையெழுத்தும் இருக்கு பாருங்க.”

“யாராவது கேட்டா?”

“யார் கேப்பா? கேக்க வேண்டியவங்க அந்த நேரம் வாசல்ல பேட்டி குடுத்துட்டிருந்தாங்க.”

அவள் பயந்தாள். இதைப் பூசி மெழுகிச் சொல்ல வழியில்லை. வேலை போனால் குடியிருப்பு போகும், நாலு வருடத்தில் வரவிருந்த ஓய்வூதியம் போகும், நோயாளியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நினைத்தாள். உட்கார்ந்து சுத்தப் பிரதி அடித்தாள். அடியில் ஒன்பது என்று போட்டாள். ஒன்று மட்டும் செய்தாள். அழிப்பதற்குக் கொடுக்க வேண்டிய அந்தச் சுருக்கெழுத்து நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது தம்பி வாசலிலேயே நின்றான். “காலைலயே முடிச்சிட்டேன்க்கா. வேற எந்த உதவியும் வாங்கலைன்னு கடிதம் குடுத்தாத்தான் காப்பீட்டுல சேர்ப்பாங்களாம். மையத்துல என் இடத்தை விட்டுக் குடுத்துட்டேன். உடனே ஒரு டீச்சரம்மாவுக்குக் குடுத்துட்டாங்க. பாவம், அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு.”

அக்கா அப்போதாவது சொல்லியிருக்கலாம். முகம் கழுவப் போவதுபோல உள்ளே போய்விட்டாள். மறுநாள் மையத்துக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள், பட்டியலின் கடைசியில் எழுதிக்கொண்டார்கள். அவனிடம் ஒன்பது நாள் சொல்லவே இல்லை.

பத்தாம் நாள், சட்டம் நிறைவேறிச் சேர்க்கை தொடங்கியதும், காப்பீட்டு அலுவலகத்தில் தம்பியை இரண்டு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். “அமைச்சரே சபைல சொன்னாருங்க” என்று வாதாடியிருக்கிறான். எழுத்தில் காட்டு என்றார்களாம். நேராகத் தன் கட்சி அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த செயலாளர் அன்றைய சபைக் குறிப்பின் அச்சுப் புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். “எங்க ஆளு ஒருத்தரும் அன்னைக்கு உள்ள இல்லப்பா. இதுல இருந்தா நாளைக்கே கிழிகிழின்னு கிழிச்சிடுவோம்.” அவன் விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். பரிசீலிக்கும் என்றுதான் இருந்தது. பக்கத்தின் அடியில் ஒன்பது என்று இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

“சபைல எழுதினது நீதானேக்கா?”

“நான்தான்.”

“இப்படி மாத்தி அடிச்சது?”

“அதுவும் நான்தான்டா.”

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். “சாப்பாடு எடுத்து வை, பசிக்குது” என்றான்.

அதற்குப் பிறகு கைக்காசில் வாரம் ஒரு நாள் டயாலிசிஸ் செய்தார்கள். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. லிஃப்ட் மெக்கானிக்கால் சொந்த வீட்டின் இரண்டு மாடி ஏற முடியாமல் போனது. குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. “ஊருக்கெல்லாம் ஏத்திவிட்டேன்” என்று படியில் உட்கார்ந்து அவனே சிரிப்பான்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டான். “அந்த நோட்டு இருக்கா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைத்திருக்கிறாள் என்று அவனிடம் சொன்னதே இல்லை.

“உன்னை எனக்குத் தெரியாதா? படி, கேக்கலாம்.”

கைப்பையிலிருந்து எடுத்துப் படித்தாள். கோடும் புள்ளியுமாக அவள் கிறுக்கியதை அவளைத் தவிர யாராலும் படிக்க முடியாது. யாரும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள்.

“நல்லாத்தான் சொல்லியிருக்கான் மனுஷன்” என்றான் தம்பி.

காத்திருக்கச் சொன்ன இருபத்து நான்கு மாதத்தில் பதினான்காவது மாதம் அவன் போய்ச் சேர்ந்தான். கொடுக்கத் தயாராக இருந்தவளின் இரண்டு சிறுநீரகமும் அவளிடமே இருந்தன. உடம்பில் அவை இருப்பதே அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

தேர்தல் வந்தது. தம்பியின் கட்சி ஜெயித்தது. கொண்டாட அவன் இல்லை. புதிய அரசு பழைய காப்பீட்டுச் சட்டத்தை ஒழித்துவிட்டு அதையே வேறு பெயரில் கொண்டுவந்தது. ஏழாம் பிரிவு இப்போது ஒன்பதாம் பிரிவாகியிருந்தது. இரண்டு வருடம் அப்படியே இருந்தது. பழைய சுகாதார அமைச்சர் இப்போது எதிர்வரிசையில் எழுந்து முழங்கினார்: “சிகிச்சையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்று நான் அன்றே இந்த அவையில் உறுதியளித்தேன்.” புதிய அமைச்சர் அச்சுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். “பதிவில் அப்படி இல்லையே.” ஆளும்வரிசை கொல்லென்று சிரித்தது. அக்கா குனிந்த தலை நிமிராமல் அதையும் எழுதினாள்.

சபை கலைந்ததும் பழைய அமைச்சர் சுருக்கெழுத்தாளர் அறைக்கு வந்தார். அதுவரை எந்தத் தலைவரும் அந்த மாடிப்படி ஏறியதில்லை.

“அன்னைக்கு நான் சொன்னது உங்க நோட்டுல இருக்குமேம்மா?”

“இருக்கு சார். நீங்க பச்சை மையில அடிச்சதும் ஞாபகம் இருக்கு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “கட்சி சொல்லுச்சும்மா.”

“எனக்கு மேலாளர் சொன்னாரு சார்.”

அவள் கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். பிறகு அக்கா நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தாள். தேதி போட்டு, முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். இது வெளியே வந்தால் வேலை போகும் என்று தெரியும். யாருக்காகப் பயப்பட? வீட்டில் இனி யாரும் இல்லை.

“என் தம்பிக்கு இனி இது ஆகாது சார். வரிசைல இன்னும் எத்தனையோ பேர் நிக்கிறாங்க. நாளைக்குப் படிங்க.”

“கண்டிப்பாம்மா” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒன்பதாம் பிரிவு வந்தபோது அக்காவின் முறை. தலையை உயர்த்தி எதிர்வரிசையைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தோடு இரண்டு வருடம் கூடியும் அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் பையிலிருந்து தாளை எடுத்துவிட்டார். பக்கத்திலிருந்த கட்சித் தலைவர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அதைப் படித்தால் பச்சை மையில் அடித்தது யார் என்ற கேள்வியும் வருமல்லவா? தாள் நான்காக மடிந்து பைக்குள் திரும்பிப் போனது.

அவைத்தலைவர் கேட்டார். ஆம் என்றவர்கள் ஆம் என்றார்கள். இல்லை என்று ஒரு குரலும் வரவில்லை. ஒன்பதாம் பிரிவு நிறைவேறியது என்று அக்கா எழுதினாள், மாடிக்குப் போய் அடித்தாள், அடியில் தன் எண்ணைப் போட்டாள்.

வாக்கெடுப்பு என்பதால் பிரதிகள் மறுநாள் காலை எல்லோருடைய அறைக்கும் போய் மதியம் திரும்பின. பழைய அமைச்சரின் அறையிலிருந்து திருத்தம் எதுவும் வரவில்லை.