கார்டில் வைத்த பொட்டு

மயில்சாமி ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அனுப்பர்பாளையத்தில் பாத்திரத்துக்குப் பாலீஷ் போட்டார், நிட்டிங் மிஷினுக்கு மெக்கானிக்காக இருந்தார், கேமரா ஒயர் இழுக்கப் போன இடத்தில் நெட்வொர்க் வேலையும் ஒட்டிக்கொண்டது. இங்கிலீசு வாசிக்க வராது. ஆனால் ரூட்டர் எழுந்திருக்கும்போது கறுப்புத் திரையில் எந்த வரிக்குப் பின்னால் எந்த வரி வரவேண்டும் என்பது அத்துப்படி. வரி மாறி வந்தால் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

அன்று காலை மாறித்தான் வந்தது.

நல்லூரில் ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனிக்குள் அவர் நுழைந்தபோது மணி பத்தேகால். மாடியில் சர்வர் ரூம் வாசலில் முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றார். பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையரோடு பேசுகிற பிரிசில்லா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. கூட்டித் துடைக்கிற மாரக்காள் மாப்புக் குச்சியைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டியிருந்தாள்.

"பதினோரு மணிக்குப் பையரு அங்கிருந்தே நம்ம கேமராவுல தையல் ஹாலப் பாக்கறாங்ண்ணா. போன் நெட்டுல அது ஓடாது" என்றாள் பிரிசில்லா.

"என்ன ஆச்சுங்க மொதலாளி?"

"இவளக் கேளு."

மாரக்காள் தரையைப் பார்த்தே சொன்னாள். "ஈரம் காயட்டும்னு பேன் போட்டேனுங்ண்ணா. பிளக்கு எடமில்லீன்னு ஒண்ணப் புடுங்குனேன்."

அவள் பிடுங்கியது ரூட்டருக்குக் கரண்டு தருகிற யூபிஎஸ்ஸின் பிளக். பேட்டரி இருபது நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டு மூச்சை விட்டிருந்தது. திரும்பச் சொருகியும் ரூட்டர் எழவில்லை.

"தண்ணியும் ஊத்தியிருப்பா. பதினஞ்சு லச்ச ரூவா மிஷின நம்பி உடலாம், இவள நம்பி ஒரு ரூமத் தொறந்து உட முடியல. மாரக்கா, பையரு இருந்தாலுஞ் செரி, போனாலுஞ் செரி, நாளைக்கு நீ வர வேண்டாம்."

மாரக்காள் மாப்புக் குச்சியைச் சுவரில் சாத்தினாள். அவள் புருஷன் மூலனூர்ப் பக்கம் முருங்கைக்காய் லோடு ஏற்றுகிறவன்; முதுகு பிடித்துப் படுத்து மூன்று மாசமாகிறது. வீடு ஓடுவது இவள் ஒருத்தி கையில். கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், முதலாளி உட்பட.

மயில்சாமி லேப்டாப்பைச் சொருகி ரூட்டரை அணைத்துப் போட்டார். கரண்டு போய் வந்தால் இது செத்துப்போகிற சாதனம் இல்லை. எழுந்ததும் முதலில் தன் கை காலைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளும். பிறகு உள்ளே சர்க்யூட் பலகையிலேயே பதித்த சின்னப் புரோகிராம் ஒன்று, பெரிய புரோகிராம் எங்கே இருக்கிறதென்று தேடும். பெரியது இருப்பது முன்பக்கம் சொருகியிருக்கும் தீப்பெட்டி அகலக் கார்டில், மடித்துச் சுருக்கி. அதை எடுத்து மெமரியில் விரித்துப்போட்டால்தான் வண்டி ஓடும். கடைசியாக இந்தக் கம்பெனிக்கென்று எழுதிவைத்த விவரத்தைத் தனக்குள்ளேயே வேறோர் இடத்திலிருந்து படித்துக்கொள்ளும்.

திரையில் கை கால் பார்த்த வரிகள் வந்தன. சின்னப் புரோகிராமின் வரி வந்தது. அதோடு நின்றது. ஒரு சொல், ஒன்று என்ற எண், பக்கத்தில் கூர்மூக்கு மாதிரி ஒரு குறி. பெரியதைக் காணோம், என்ன செய்யட்டும் என்று கேட்கிறது.

தண்ணீர் பட்டிருந்தால் இவ்வளவு தூரமே வந்திருக்காது.

அவர் அணைத்துவிட்டுக் கார்டை உருவினார். அடியில் வரிசையாக ஐம்பது ஓட்டைகள். பாதியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

சந்தனம்.

ஒன்பது நாளைக்கு முன் ஆயுத பூசை. தையல் மிஷின், கட்டிங் டேபிள், ஸ்குரூ டிரைவர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த மயில்சாமி, ரூட்டரின் நெற்றியில் வைத்ததோடு நிற்கவில்லை. இதற்கு உசிரே இந்தக் கார்டுதானே என்று அதை உருவித் துடைத்து, தண்ணியாகக் குழைத்த சந்தனத்தைத் தடவிக் கும்பிட்டுச் சொருகினார். அப்போது ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விரித்துப்போட்ட புரோகிராம் மெமரியில் இருந்ததால் அதற்குக் கார்டே தேவைப்படவில்லை. ஒன்பது நாளும் ஒரு விக்கல் இல்லை. இன்றைக்கு அணைந்து எழுந்ததும்தான் கார்டைத் தேடியிருக்கிறது.

"என்ன மயில்சாமி, அதையே பாத்துட்டு நிக்கறே?"

"அழுக்குங்க." கார்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"பாத்தியா, இவ வேலதான்."

நிட்டிங் செக்ஷனில் சென்சார் துடைக்கிற ஸ்பிரேயை வாங்கிவந்து அடித்தார். சந்தனம் கரைந்து விரலில் வழிந்தது. யாரும் பார்க்குமுன் பேண்டில் துடைத்தார். சொருகுகிற இடத்தில் முடி மாதிரி நிற்கிற ஊசிகளை மெல்லிய பிரஷால் தடவினார்.

"ஊக்கு தரட்டுமா?" என்றார் முதலாளி.

"வேண்டாங்க. ஒரு ஊசி வளஞ்சாலும் சோலி முடிஞ்சுது."

ஸ்பிரே காய ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் மாரக்காள் பக்கெட்டை ஓரமாக வைத்தாள், பினாயில் பாட்டிலை மூடினாள், மாப்பைப் பிழிந்து கொடியில் போட்டாள். நாளைக்கு வேறு யாரோ எடுக்கட்டும் என்று வைப்பதுபோல இருந்தது அது.

பத்து ஐம்பது. சுவிட்சைத் தட்டினார். கை கால் வரிகள். சின்னப் புரோகிராமின் வரி. அப்புறம் வேலிக் கம்பி மாதிரி குறிகள் ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தன. சுருக்கியது விரிகிறது. பாதி வரியில் நின்றது. பிரிசில்லா கடிகாரத்தைப் பார்த்தாள். மயில்சாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுபடி நடந்தது, இரண்டு வரி, மூன்று வரி. கடைசியில் கம்பெனி பேர் திரையில் வந்து நின்றது.

பிரிசில்லா கேமராவைத் திறந்தாள். தையல் ஹால் தெரிந்தது. "வந்திருச்சுங்க" என்று கீழே ஓடினாள்.

ஈஸ்வரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "பொழச்சோம். மாரக்கா, சாயங்காலம் ஆபீசுல வந்து கணக்கு முடிச்சுட்டுப் போயிரு."

"செரிங்க" என்றாள் மாரக்காள்.

மயில்சாமி லேப்டாப்பை மூடினார். ஆனால் பையில் வைக்கவில்லை.

"மொதலாளி, அவ பிளக்கத்தான் புடுங்குனா. திரும்பச் சொருகுனதும் அஞ்சு நிமிசத்துல தானா வந்திருக்கோணுங்க. வராமப் போனது என்னால."

"என்னப்பா சொல்றே?"

"பூசையன்னிக்குக் கார்டுக்குப் பொட்டு வெச்சேனுங்க. சந்தனம் உள்ள எறங்கி அடச்சுப்போச்சு." மஞ்சள் படிந்த பேண்டைக் காட்டினார்.

ஈஸ்வரமூர்த்தி குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார். "சாமி கும்புடறத ஏன்யான்னு கேக்கவும் முடியல. ரூம் சாவியக் குடு."

மயில்சாமி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். முதலாளியிடம் ஒன்று, இவரிடம் ஒன்று என்று எட்டு வருஷமாக இருந்த சாவி. முதலாளி அதை வாங்கி மாரக்காளிடம் நீட்டினார்.

"இனி இவரு வந்தா நீ தொறந்து உடு. வேல முடியற வரைக்கும் கூடவே நில்லு. நீ பிளக்கத் தொடக்கூடாது, அவரு பொட்டு வெக்கக்கூடாது."

அவர் இறங்கிப்போனதும் மாரக்காள் சாவியை முந்தானையில் முடிந்தாள். பிறகு கொடியில் கிடந்த மாப்பை எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்ண்ணா, பையில சந்தனம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்ல."

"இருந்தாலும் ஒருக்காத் தொறந்து காட்டுங்க" என்றாள்.

அவர் பையைத் திறந்து காட்டினார்.