ஆர்முடுகல்

அத்தை பல்கலைக்கழகம் போவதற்காக ஏ.எல். படித்த இரண்டு வருடமும் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே சேர்ந்து பரீட்சைக்குப் படித்தன. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணிதப் பிரிவு எடுத்த முதல் ஆள். சனி, ஞாயிறு விடிய முன்பே பஸ் பிடித்துக் கண்டிக்கு டியூஷன் போவாள். அவள் கொப்பியை விரித்தால் பக்கத்து வீட்டு டீவிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். திருவிழாவில் சாமி வாசலுக்கே வந்தபோதும், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பழைய வினாத்தாள் செய்துகொண்டிருந்தாள். "சாமியே கோவிச்சிக்கல, நாம என்ன சொல்றது," என்றார் அம்மா.

எனக்கு ஒன்பது வயது. அத்தையைப் பார்த்தால் பயமும் பக்தியும் ஒன்றாக வரும். அவள் வாய்விட்டுப் படிக்கும் சொற்களில் ஒன்று எனக்கு மந்திரமே ஆகிவிட்டது. ஆர்முடுகல். வேகம் கூடிக்கொண்டே போவதுதான் அது என்று ஒருமுறை விளக்கினாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு இறக்கத்தில் வரும்போதெல்லாம் "ஆர்முடுகல்" என்று கத்திக்கொண்டே ஓடுவேன். அதன் தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

அத்தை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கத் தெரிவானாள். கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அப்பா தன் த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவந்தார். மலையைத் தாண்டியாயிற்று, இனி என்ன என்று எல்லோரும் நினைத்தோம்.

மூன்றாம் வாரமே அத்தை போர்வை, தலையணை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"நான் இனி போகலண்ணே," என்றாள். "எல்லாம் இங்கிலீஷ். மணிக்கணக்கா பேசுறாங்க, ஒன்னும் வெளங்கல. எனக்குப் படிப்பு வராது."

யார் சொல்வது பாருங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா தேத்தண்ணி ஊற்றப் போனார். அப்பாவுக்குப் புத்திமதி சொல்ல வராது. வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் கிரீஸ் கையோடு நிமிர்ந்து, "அப்பிடி என்னதான் சொல்றாங்க, வாசி பாப்போம்," என்றார்.

அத்தை கொப்பியை எடுத்தாள். விரிவுரையில் காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருந்தாள்.

"எக்ஸலரேஷன்," என்று முதலாவதை வாசித்தாள். "சேர் இதையே இருபது தரம் சொன்னாரு."

அப்பா வண்டியின் கைப்பிடியைப் பிடித்து முறுக்கிக் காட்டினார். "இது எக்ஸலேட்டர் புள்ள. முறுக்குனா வேகம் கூடிக்கிட்டே போகும்ல? அதத்தான் சொல்றாரு போல."

அத்தை அப்படியே நின்றாள். "ஆர்முடுகல்," என்றாள் மெல்ல. இரண்டு வருடம் தமிழில் அதைக் கணக்குக் கணக்காகச் செய்து தள்ளியவள். தினமும் பார்க்கும் ஆளைக் கல்யாண வீட்டில் கோட்டுச் சூட்டோடு கண்டு, யாரோ என்று விலகிப் போனது மாதிரி ஆகிவிட்டது.

கம்ப்ரஷனும் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. வைப்ரேஷன் வந்ததும், "அது நம்ம வண்டியில வேண்டிய மட்டும் இருக்கே," என்றார். அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கோ திறந்த வாய் மூடவில்லை. எட்டாம் ஆண்டோடு நின்ற எங்கள் அப்பாவுக்குக் கெம்பஸ் பாடம் தெரிந்திருக்கிறதே.

நாலாவது சொல்லுக்கு அப்பா தலையைச் சொறிந்தார். ஐந்தாவதற்கும் அப்படியே. பிறகு, "மத்தத நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைக்கப் போனார்.

திங்கட்கிழமை காலை அத்தை அதே போர்வை, தலையணையோடு த்ரீவீலில் ஏறினாள். நான் "ஆர்முடுகல்" என்று கத்திக்கொண்டே வளைவு வரை பின்னால் ஓடினேன்.

முதல் வருடம் இரண்டு பாடம் தவறி, திரும்ப எழுதி, அத்தை படித்து முடித்தாள். ஏ.எல். படிப்பு அவளைக் கெம்பஸுக்குத் தயாராக்கியதா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது.

அத்தை வண்டியேறிய அன்று மட்டும் எனக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது. அப்பா பெரிய படிப்பாளி என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். மிச்சச் சொற்களையும் தெரிந்துவைத்துக்கொண்டே, அத்தையைச் சோதிக்கத்தான் சொல்லாமல் விட்டார் என்று நினைத்தேன். அவருக்கு அவ்வளவுதான் தெரியும் என்பதும், அது அத்தைக்கும் தெரியும் என்பதும், தெரிந்தே அவள் வண்டியில் ஏறினாள் என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை.